சாட்சி சொன்ன முகம்

ஒருவரை முன்னால் இருத்தி வரைபவனுக்கு நல்ல கண் இருந்தால் போதும். அந்த ஆளைப் பார்த்த இன்னொருவர் சொல்லச் சொல்ல வரைபவனுக்கு நல்ல காது வேண்டும். நான் இரண்டு வேலையும் செய்தேன். என் வயதில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டது இரண்டாவது வேலைதான்.

பிறந்து வளர்ந்தது கொழும்புத்துறை. எழுபதுகளில் யாழ்ப்பாண நகரத்து ஸ்ரூடியோ ஒன்றில் நெகட்டிவ் திருத்தப் பழகினேன். கூரிய பென்சிலால் நெகட்டிவில் உள்ள சுருக்கத்தையும் தழும்பையும் மறைக்கிற வேலை அது. எனக்கு வந்த வேலைகளில் பாதி செத்தவீட்டு வேலை. அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படத்தைக் கொண்டுவந்து, அந்தியேட்டிச் சடங்குக்கு முன் பெரிதாக வரைந்து தரச் சொல்வார்கள். கரித்தூளும் பஞ்சும் பென்சிலும்தான் ஆயுதம். முகத்தில் எதை மாற்றினாலும் ஆள் ஆளாகவே இருப்பார், எந்த இடத்தில் ஒரு மயிரளவு மாறினாலும் வேறு ஆளாகிவிடுவார் என்பதெல்லாம் அந்த மேசையில் கற்றதுதான்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி போரினால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. மறு வருடம் திரும்பி வந்தவர்களில் பலருடைய வீட்டில் கூரை இல்லை, கதவு இல்லை, அல்பமும் இல்லை. கலியாணப் படம், பள்ளிக்கூடப் படம் எல்லாம் போய்விட்டன. அதற்குப் பிறகுதான் ஆட்கள் வெறுங்கையோடு வரத் தொடங்கினார்கள். “படம் ஒண்டும் இல்லைத் தம்பி. நான் சொல்லுறன், நீர் வரையும்” என்பார்கள்.

“மூக்கு எப்பிடி அம்மா?” என்று கேட்டால் “நல்ல மூக்கு” என்று பதில் வரும். கண்ணைப் பற்றிக் கேட்டால், அவன் கோபத்தில் எப்படிப் பார்ப்பான் என்று சொல்வார்கள். பெற்ற தாய்க்கும் மகனுடைய முகத்தைத் துண்டு துண்டாகச் சொல்லத் தெரியாது. ஆனால் நான் ஏதோ ஒன்றை வரைந்து முன்னால் வைத்தவுடன், “இது அவனில்லை” என்று ஒரு நொடியில் சொல்லிவிடுவார். எங்கே பிழை என்று கேட்டால் தெரியாது. புருவத்துக்கும் கண்ணுக்கும் இடையில் கொஞ்சம் இறக்குவேன், வாயின் ஓரத்தைத் தூக்குவேன். “இப்ப கொஞ்சம் வருகுது” என்பார். சில வேளை, “என்ரை தம்பியின்ரை சாயல்” என்பார். அந்தத் தம்பியைக் கூட்டிவந்து இருத்தி, அவரில் இருந்து தொடங்குவேன். மனிதர் முகத்தை முழுதாகவே வைத்திருக்கிறார்கள். பகுதி பகுதியாகக் கேட்பது வரைபவனுடைய வசதிக்காகத்தான்.

பழகிய முகத்துக்கும் பழகாத முகத்துக்கும் இன்னொரு வேறுபாடு உண்டு. தெரிந்தவர்கள் கண்ணையும் வாயையும் பற்றிப் பேசுவார்கள். முன்பின் தெரியாத ஒருவனை ஒரு நிமிடம் பார்த்தவர்கள் தலைமயிர், தாடி, கண்ணாடி, முகத்தின் வெளிக்கோடு இவற்றைத்தான் சொல்வார்கள். 1979இல் ஸ்கொட்லாந்தின் அபடீன் பல்கலைக்கழகத்தில் எலிஸ், ஷெப்பர்ட், டேவிஸ் என்ற உளவியலாளர்கள் முகங்களை அடையாளம் காண்பதில் இதே வேறுபாட்டைச் சோதனை செய்து எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது வாடிக்கையாளர் சொல்லித் தெரிந்தது. இந்த வேறுபாட்டில்தான் பொலிஸ் உருவப்படத்தின் முழுக் கஷ்டமும் இருக்கிறது. குற்றவாளியைப் பார்த்தவர் சொல்வது, அவன் நாளைக்கே மாற்றக்கூடிய விஷயங்கள். அவனுடைய மனைவியோ முதலாளியோ படத்தைப் பார்த்து அடையாளம் காண வேண்டிய கண்ணும் வாயும் அந்தப் படத்தில் மிகப் பலவீனமாகவே இருக்கும்.

போர் முடிந்து சில வருடங்களுக்குப் பின் பொலிஸ் வேலையும் இடையிடையே வந்தது. ஒரு நகைக் கொள்ளை. கடைக்காரர் சாட்சி. நான் வரைந்துகொண்டு இருக்கும்போது என் முதுகுக்குப் பின்னால் நின்ற அதிகாரி, “நெற்றியில் ஒரு தழும்பு இருந்ததுதானே?” என்று சாட்சியிடம் கேட்டார். கடைக்காரர் கொஞ்சம் யோசித்து, “இருந்திருக்கும் ஐயா” என்றார். அதிகாரியின் மனத்தில் ஏற்கனவே ஒரு ஆள் இருந்தது எனக்கு விளங்கியது. தழும்பை நான் போடவில்லை. சாட்சி தானாகச் சொன்னால் போடுவேன், இல்லையென்றால் வேறு ஆளைக் கூப்பிடுங்கள் என்றேன். அதன் பிறகு எந்த இடத்திலும் நானும் சாட்சியும் மட்டும் இருக்கும் அறை வேண்டும் என்று கேட்டே வேலைக்குப் போனேன்.

இன்னொரு வழக்கில் ஒரே ஆளை இரண்டு பேர் பார்த்திருந்தார்கள். ஒருவர் சைக்கிளில் போனவர், மற்றவர் வாசலில் நின்றவர். வந்தது இரண்டு முகம். அதிகாரிக்கு அது பிடிக்கவில்லை, ஒன்றாக்கித் தரச் சொன்னார். நான் இரண்டையும் தனித்தனியே கொடுத்தேன். கடைசியில் ஆள் பிடிபட்டது அடகுக் கடையில் வைத்த சங்கிலியால். அவனைப் பார்த்தபோது, சைக்கிள்காரர் சொன்ன தாடை சரியாக இருந்தது, வாசலில் நின்றவர் சொன்ன கண் சரியாக இருந்தது. தலைமயிர் இரண்டு படத்திலும் பிழை; அவன் வெட்டிவிட்டான்.

இந்த அனுபவத்தோடுதான் வெளிநாட்டு வழக்குகளைப் படிக்கத் தொடங்கினேன். புத்தகங்களும் படங்களும் அனுப்பித் தந்தவர் புலம்பெயர்ந்த என் மருமகன். அவற்றில் என்னை விடாமல் பிடித்தது அமெரிக்காவின் ‘சோடியாக்’ கொலை வழக்கு. 1968 டிசம்பர் முதல் 1969 ஒக்ரோபர் வரை வடக்குக் கலிபோர்னியாவில் ஐந்து பேரைக் கொன்று, பத்திரிகைகளுக்குக் கடிதமும் சங்கேத எழுத்தும் அனுப்பியவன். இன்றுவரை யார் என்று தெரியாது. அந்த வழக்கைப் பற்றி 1986இல் பிரபலமான புத்தகம் எழுதிய ரொபர்ட் கிரேஸ்மித், ‘சான் பிரான்சிஸ்கோ குரோனிக்கல்’ பத்திரிகையில் கேலிச்சித்திரம் வரைந்தவர். கோடு போடுகிற ஒருவர் அந்த வழக்கில் சிக்கிக்கொண்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

சோடியாக்கின் உருவப்படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இது அதைப்போல இருக்கிறது, அது அந்தச் சந்தேகநபரைப்போல இருக்கிறது என்று ஐம்பது வருடத்துக்கு மேலாக உலகம் வாதாடுகிறது. நான் அப்படி வைத்துப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் நின்ற சாட்சியைத்தான் பார்க்கிறேன்.

முதல் கொலை 1968 டிசம்பர் 20, ஹேர்மன் ஏரி வீதி. இறந்த இருவரும் பதின்மவயதினர். கொலைகாரனின் முகத்தைப் பார்த்துச் சொல்ல யாரும் மிஞ்சவில்லை. இரண்டாவது 1969 ஜூலை 4 நள்ளிரவு, வலேஹோ நகரத்துப் பூங்கா ஒன்று. பெண் இறந்தார், 19 வயதுப் பையன் தப்பினான். ஆனால் சுடுவதற்கு முன் கொலைகாரன் டோர்ச் வெளிச்சத்தை அவர்கள் கண்ணில் அடித்திருந்தான். கண்ணில் டோர்ச் விழுந்தவனுக்கு என்ன முகம் தெரியும்? பருத்த உடம்பு, பெரிய முகம் என்றான். அது ஒரு உருவத்தின் பருமன். முகத்தின் வரைபடம் அங்கே இல்லை.

மூன்றாவது செப்டம்பர் 27, பெரியெசா ஏரிக்கரை. கொலைகாரன் தலையில் கறுப்பு முகமூடி போட்டு, கண் துளைகளின் மேல் கறுப்புக் கண்ணாடி மாட்டியிருந்தான். உயிர் தப்பிய மாணவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஆனாலும் நாப்பா மாவட்டப் பொலிஸிடம் ஒரு உருவப்படம் இருக்கிறது. அன்று அதே ஏரிக்கரையில் தனியே நின்று தங்களைக் கவனித்த ஒருவனைப் பற்றி மூன்று இளம்பெண்கள் சொல்லி வரைந்தது அது. அவர்கள் ஆறுதலாக, பகல் வெளிச்சத்தில் பார்த்தவர்கள். நல்ல சாட்சிகள். ஆனால் அவர்கள் பார்த்தவன்தான் கொலைகாரன் என்று எவரும் நிரூபிக்கவில்லை. முகம் நல்ல முகம், ஆள் சரியோ தெரியாது.

நான்காவது ஒக்ரோபர் 11, சான் பிரான்சிஸ்கோ நகரத்துக்குள், இரவு பத்து மணியளவில். வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். எதிர்ப்பக்க வீட்டு யன்னலில் இருந்து மூன்று பதின்மவயதினர், ஏறத்தாழ அறுபது அடி தூரத்தில், கொலைகாரன் காரைத் துடைப்பதையும் நடந்து போவதையும் பார்த்தார்கள். இங்கே ஆள் நிச்சயம், ஆனால் முகம் இரவில் அறுபது அடிக்கு அப்பால். கொழும்புத்துறை இறங்குதுறையில் நின்று அந்தத் தூரத்தைப் பல தடவை அளந்து பார்த்திருக்கிறேன். அந்தியில் ஒரு வள்ளத்தில் நிற்பவருடைய மூக்கை அங்கிருந்து சொல்ல முடியாது. நடையையும் தோளையும் சொல்லலாம்.

இந்த மூன்று பேரும் சொன்ன படம் ஒக்ரோபர் 13ஆம் திகதி வந்தது. வயது 25 முதல் 30 என்று போட்டார்கள். ஐந்து நாள் கழித்து, 18ஆம் திகதி, திருத்திய படம் வந்தது. இப்போது வயது 35 முதல் 45. இரண்டும் ஒரே முகம்போலத்தான் முதலில் தெரியும்: கட்டையாக வெட்டிய மயிர், தடித்த சட்டக் கண்ணாடி. கொஞ்ச நேரம் பார்த்தால் தாடை அகன்று, கன்னம் கனத்து, ஒரு இளைஞன் குடும்பஸ்தனாகிறான். உலகம் முழுக்கத் தெரிந்தது இந்த இரண்டாவது படந்தான்.

கொலை நடந்த சில நிமிடங்களில் அந்தப் பக்கம் வந்த டொனால்ட் ஃபோக், எரிக் செல்ம்ஸ் என்ற இரண்டு பொலிஸ்காரர் ஒரு வெள்ளையரைக் கடந்து போனார்கள். பொலிஸ் வானொலியில் சந்தேகநபர் கறுப்பினத்தவர் என்று பிழையாகச் சொல்லப்பட்டதால் அவரை நிறுத்தவில்லை. ஃபோக் நவம்பர் 12ஆம் திகதி ஒரு குறிப்பு எழுதினார். தான் பார்த்தவருக்கு வயது 35 முதல் 45 என்றார். அதாவது திருத்திய படத்தில் இருந்த அதே எண். பலர் இதை இரண்டு தனிச்சாட்சி ஒத்துப்போன இடமாக எடுக்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. குறிப்பு எழுதப்படும்போது அந்தப் படம் வெளியாகி மூன்று கிழமைக்கு மேல். பொலிஸ்காரர் அதைப் பார்க்காமல் இருந்திருக்க வழியில்லை. அவர் பொய் சொன்னார் என்பதல்ல என் கருத்து. படத்தைப் பார்த்த பிறகு எவருடைய ஞாபகமும் தனி ஞாபகமாக இருக்காது. எங்களூர் சாட்சிகளிடமும் இதைக் கண்டிருக்கிறேன். பேப்பரில் வந்த என் படத்தைப் பார்த்துவிட்டு அடையாள அணிவகுப்புக்குப் போன ஒருவர், தான் பார்த்த ஆளைத் தேடினாரா, என் படத்தைத் தேடினாரா என்று அவருக்கே தெரியாது.

1969 நவம்பரில் அனுப்பிய கடிதத்தில் சோடியாக், தான் அந்தப் படத்தில் உள்ளதுபோலத் தன் ‘காரியத்தை’ச் செய்யும்போது மட்டுமே இருப்பதாகவும் மற்ற நேரத்தில் வேறு தோற்றம் என்றும் எழுதினான். மாறுவேடம் உண்மையோ, மிரட்டலோ, படம் தனக்கு நெருக்கமாக வந்துவிட்டது என்ற பயமோ, ஒரு கடிதத்தை வைத்துப் பிரிக்க முடியாது. 1991இல், டோர்ச் வெளிச்சம் கண்ணில் விழுந்த அந்தப் பையன், அப்போது நடுவயதுக்காரன், பொலிஸ் காட்டிய படங்களில் ஆர்தர் லீ அலன் என்பவருடைய படத்தைக் காட்டினார். 22 வருடத்துக்குப் பிறகு. அலன் 1992இல் இறந்தார். கைரேகையும் பொருந்தவில்லை, 2002இல் கடித முத்திரையில் இருந்து எடுத்த பகுதி மரபணுவும் பொருந்தவில்லை.

விடை தெரியாத வழக்கில் படங்களை ஒப்பிட்டுப் பழகுவது ஆபத்து. அதனால் விடை தெரிந்த ஒரு வழக்கையும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். கலிபோர்னியாவின் வைசேலியா நகரத்தில் 1974, 75இல் நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளை உடைத்தவன் ஒருவன், ஒரு பேராசிரியரையும் கொன்றான். 1975 டிசம்பரில் ஒரு துப்பறிவாளர் அவனைக் கிட்டப் பார்த்தார். குழந்தை முகம், உருண்டை, பருத்த உடம்பு என்றார். 1976இல் சக்ரமென்ரோ பகுதியில் வீடு புகுந்து பெண்களைத் தாக்கும் ஒருவன் தோன்றினான். அவனைப் பற்றி வந்த படங்களும் வர்ணனைகளும் வேறு. மெலிந்தவன் என்றார்கள். இருவரும் ஒருவனே என்று வைசேலியாக்காரர் சொல்ல, முகமும் உடம்பும் ஒத்துவரவில்லை என்பதும் மறுப்பவர்களுக்கு ஒரு காரணமாயிற்று. 2018 ஏப்ரலில் மரபணு வழியாக ஜோசப் ஜேம்ஸ் டி ஆஞ்சலோ பிடிபட்டான். அப்போது வயது 72. 2020இல் குற்றங்களை ஒப்புக்கொண்டான், 13 கொலை. உருண்டை முகக்காரனும் மெலிந்தவனும் அவனேதான். முதல் பகுதிக் காலத்தில் பக்கத்து ஊரில் பொலிஸ்காரனாக இருந்திருக்கிறான். இரண்டு படம் ஒத்துப்போகாவிட்டால் ஆள் இருவர் என்று சொல்பவர்களுக்கு நான் இந்த வழக்கைத்தான் காட்டுவேன்.

இன்னொரு வகையும் உண்டு. 1995இல் ஒக்லஹோமா நகரத்தில் 168 பேரைக் கொன்ற குண்டு வெடிப்பில், குண்டு லொறியை வாடகைக்கு எடுத்தவர்கள் என்று இருவருடைய உருவப்படம் வந்தது. முதல் படம் திமோதி மக்வேயை நன்றாகவே ஒத்திருந்தது. இரண்டாவது ஆளை நாடு முழுக்கத் தேடினார்கள். விசாரணையில் தெரிந்தது, மறுநாள் அதே கடைக்கு வேறு வேலையாக வந்த ஒரு அப்பாவிச் சிப்பாயின் முகம் அது. சாட்சியின் கண் சரி, முகம் சரி. நாள் மாறிப்போனது. வரைபவனால் இதைப் பிடிக்கவே முடியாது. இதை நினைக்கும்போதெல்லாம் பெரியெசா ஏரிக்கரைப் படம் என் மனத்தில் வரும்.

எங்கள் பக்கத்து வழக்கையும் சொல்ல வேண்டும். சோடியாக்கின் முதல் கொலைக்கு நான்கு மாதத்துக்கு முன், 1968 ஓகஸ்ட் 27ஆம் திகதி, பம்பாய் டோங்கிரியில் உதவிப் பரிசோதகர் அலெக்ஸ் ஃபியால்ஹோ தெருவில் ஒருவனை நிறுத்தினார். நடைபாதையிலும் குடிசையிலும் தூங்கிய ஏழைகளைத் தலையில் அடித்துக் கொன்றுவந்த ராமன் ராகவ் அவன், தமிழன். 1966இலேயே ஒருமுறை பொலிஸில் சிக்கி, விவரங்கள் கோப்பில் ஏறியிருந்தன. ஃபியால்ஹோ அந்த அடையாளங்களை மனத்தில் வைத்திருந்தார். மழை பெய்யாத இடத்தில் அவன் கையில் நனைந்த குடை. முகத்தோடு அந்தக் குடையும் அவரை நிற்க வைத்தது. ஆனால் ஆள் யார் என்று முடிவு செய்தது கைரேகை. ரமாகாந்த் குல்கர்னி தலைமையில் நடந்த விசாரணை அங்கிருந்துதான் உறுதியாக நடந்தது. முகம் ஒருவனை நிறுத்துவதற்குப் போதும், தண்டிப்பதற்குப் போதாது. அந்த எல்லையை அந்தப் பொலிஸ்காரர்கள் அறிந்திருந்தார்கள்.

யாழ்ப்பாணத்துக்காரனுக்கு இந்த எல்லை புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதில்லை. 1987க்குப் பிறகு, இந்திய அமைதிப்படைக் காலத்திலும் பின்னரும், சுற்றிவளைப்பில் எங்களை வரிசையாக நடக்க விட்டார்கள். முகத்தை மூடிய ஒருவன் வாகனத்துக்குள் இருந்து தலையை ஆட்டுவான். தலையாட்டி என்றோம். அவன் ஆட்டினால் ஆள் வேறு பக்கம். எவ்வளவு தூரம், எந்த வெளிச்சம், அவனுக்கு என்ன பயம், யார் பக்கத்தில் இருந்து சொன்னது என்று கேட்க யாருக்கும் வழி இல்லை. அந்த வரிசையில் நடந்தவன் நான். ஒருவரை இன்னொருவர் அடையாளம் காட்டுவது எவ்வளவு எளிதான செயல், எவ்வளவு பயங்கரமான செயல் என்பது உடம்பில் ஏறியது அங்கேதான்.

2019 ஏப்ரலில் ஈஸ்டர் குண்டுத் தாக்குதலுக்குப் பிறகு தேடப்படுவோர் என்று இலங்கைப் பொலிஸ் வெளியிட்ட படங்களில் ஒன்று, சம்பந்தமே இல்லாத ஒரு அமெரிக்கப் பெண்ணுடையது. பொலிஸ் மன்னிப்புக் கேட்டது. ஆனால் படம் உலகைச் சுற்றி முடிந்திருந்தது. அது பென்சில் படம்கூட அல்ல, புகைப்படம்.

வேலை இப்போது வெகுவாக மாறிவிட்டது. என் காலத்துக்கு முன்பே, 1959இல், அமெரிக்காவில் ‘ஐடென்ரிகிற்’ என்று மூக்கு, வாய், மயிர் எல்லாம் தனித்தனித் தாளில் வந்தது. 1970இல் பிரித்தானியாவில் புகைப்படத் துண்டுகளை ஒட்டும் ‘ஃபோட்டோஃபிற்’ வந்தது. தாயிடம் மூக்கைத் தனியாகக் கேட்கும் அதே பிழையை அவை பெட்டிக்குள் போட்டு விற்றன. பின்னர் வந்த கணினி முறைகளில் சில நல்லவை. முழு முகங்களைக் காட்டி, எது கிட்ட என்று தெரிவு செய்யச் சொல்லி, அதில் இருந்து அடுத்த முகங்களை உண்டாக்கும். “இது அவனில்லை” என்று சொல்லும் திறமையைப் பயன்படுத்துகிற முறை அது. 2002இல் உளவியலாளர் விக்கி புரூஸ் குழுவினர் இன்னொன்றைக் காட்டினார்கள். நான்கு சாட்சிகள் தனித்தனியே செய்த படங்களைக் கணினியில் கலந்து சராசரி எடுத்தால் தனிப் படத்தைவிட நன்றாக அமைகிறது. நால்வருடைய பிழையும் நாலு திசையில் இருக்கும், ஒத்த இடம் மிஞ்சும். இதற்கு ஒரு கண்டிப்பான நிபந்தனை உண்டு: நால்வரும் ஒருவரை ஒருவர் கேட்டிருக்கக் கூடாது. சான் பிரான்சிஸ்கோவின் அந்த மூன்று பிள்ளைகளும் தனித்தனியே மூன்று படம் தந்திருந்தால், இன்று எங்களிடம் சராசரி எடுக்க ஏதாவது இருந்திருக்கும். இருப்பது மூவரையும் ஒன்றாக்கிய படந்தான். அதைத் திரும்பப் பிரிக்க முடியாது.

இப்போது செயற்கை நுண்ணறிவு பென்சில் படத்தைத் தோலும் மயிரும் உள்ள முகமாக மாற்றித் தருகிறது. அண்மையில் ஒரு இளம் அதிகாரி என் வரைபடம் ஒன்றை அப்படி மாற்றிக் காட்டினார். மிக அழகாக இருந்தது. சாட்சி சொல்லாத காது அதில் இருந்தது, சாட்சி பார்க்காத கழுத்து இருந்தது. நான் காதை மெல்லிய கோட்டால் விட்டதே, அங்கே எனக்கு ஒன்றும் சொல்லப்படவில்லை என்பதால்தான். “தம்பி, இதைப் பேப்பருக்குக் குடுக்க வேண்டாம்” என்றேன். ஏன் என்று கேட்டார். தாளில் வெறுமையாக விட்ட இடத்தைக் காட்டி விளக்கினேன். அவர் கொடுக்கவில்லை.

இலங்கையில் அடையாள அணிவகுப்பு நீதவானுக்கு முன்னால் நடப்பது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 124ஆம் பிரிவின்கீழ் வருவது. வரிசையில் நிறுத்தும் ஆட்களுக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. அதற்கு முன்னால் நடக்கும் என் வேலைக்கு நான் கண்டவரை அப்படி ஒரு ஒழுங்கும் இல்லை. அதனால் நானே ஒன்று வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு படத்தின் பின்பக்கத்திலும் எழுதுவேன்: சாட்சி எவ்வளவு தூரத்தில் நின்றார், வெளிச்சம் எங்கிருந்து, எவ்வளவு நேரம், சம்பவத்துக்கு எத்தனையாம் நாள் வரைந்தது, அறையில் யார் இருந்தார்கள், எந்தப் பகுதியைச் சாட்சி தானாகச் சொன்னார், எதை நான் கேட்ட பிறகு சொன்னார், எதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பல வருடம் அதை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. ஒரு வழக்கில் மட்டும் எதிரிக்காகத் தோன்றிய இளம் பெண் சட்டத்தரணி ஒருவர் என்னை நீதிமன்றத்துக்கு வெளியே மறித்தார். “மாஸ்டர், வழக்கேட்டில் படத்தின்ரை முன்பக்கப் பிரதிதான் இருக்கு. பின்பக்கமும் வேணும் எண்டு நான் இண்டைக்கு விண்ணப்பம் செய்யிறன். அது உங்கடை கையெழுத்துத்தான் எண்டு வந்து சொல்லுவியளோ?” என்றார். சொல்வேன் என்றேன். அடுத்த தவணையில் சாட்சிக் கூண்டில் ஏறி அந்தப் பின்பக்கத்தை முதல் வரியில் இருந்து வாசித்தேன்.